சுங் தா இழந்த முகம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். இந்தத் தொடருக்கு அச்சுக் கோர்ப்பவர் வாரா வாரம் என்னைத் திட்டிக்கொண்டேதான் கோர்ப்பார். பிழைகளைத் தாராளமாகத் திருத்துங்கள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள்.

முன்பு அனுப்பிய தாள்களில் ‘சுங் தா முகத்தை இழந்தார்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டிருந்தார். ‘இது இங்கிலீஷ்காரன் பேச்சு. தமிழில் மானம் போயிற்று என்று மாற்றிக்கொள்ளலாமா?’ என்று கேட்டிருந்தார். படித்தவர், நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத பாஷையிலிருந்து நான் எதை எடுக்க முடியும்? அந்த வார்த்தை எனக்குக் கல்கத்தாவில் டாங்ராவில், ஒரு சீனரின் தோல் பதனிடும் ஷாப்பு முற்றத்தில் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை இந்த வாரம் எழுதுகிறேன்.

முடி கையோடு வந்தது

துர்கா பூஜை முடிந்த மறுநாள். பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹவுராவிலிருந்து ஒரு லாரி பச்சைத்தோலை ஏற்றிக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து டாங்ராவுக்குப் போனேன். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தேன். தோல் வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவன் மூக்கைக் கட்டுகிறான் என்றால் சரக்கு எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். மதராசில் இருந்த ஒரு தோல் கம்பெனியின் கல்கத்தாக் கிளையில் எனக்கு வேலை. தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். பச்சைத்தோலை நாங்கள் வாங்கி உப்புப் போட்டு ஹவுரா கிடங்கில் வைப்போம். டாங்ராவில் சீனர்களிடம் கொடுத்துப் பதனிட்டு வாங்குவோம்.

பூஜைக்கு முன்னால் நல்ல மழை. கிடங்கின் கூரை ஒழுகி உப்பெல்லாம் கரைந்து ஓடியது. “மறுபடி உப்புப் போடணும் சார், ரெண்டு ஆளு வேணும்” என்று மேனேஜர் சுந்தரத்திடம் சொன்னேன்.

“பூஜை டயத்துல ஆளுக்கு நான் எங்க போறது? லீவு முடிஞ்சதும் பாக்கலாம், போப்பா” என்றார்.

லீவு முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளிருந்து சூடாக ஒரு காற்று வந்தது. குவிந்து கிடந்த தோல் புழுங்கிவிட்டது. சுந்தரம் சார் வாசலிலேயே நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “வாயத் தொறக்காத. அப்படியே அனுப்பிடு” என்றார். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. பிறவியிலேயே கூச்ச சுபாவம்.

டாங்ராவில் சுங் தா லாரியின் பின்பக்கம் வந்து நின்றார். வங்காளிகள் மூத்தவர்களைத் தாதா என்பார்கள். பேரோடு சேர்த்தால் ‘தா’. ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மேலே இருந்த தோலைப் பிடித்து மெல்ல இழுத்தார். முடி கொத்தாக அவர் கையோடு வந்துவிட்டது. பச்சைத்தோலில் முடி அப்படி வந்தால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பதனிட்ட பிறகு மேற்பரப்பு அம்மைத் தழும்பு போல அரித்துக் கிடக்கும்.

அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இறக்குங்கப்பா” என்றார் ஆட்களிடம். “சுண்ணாம்புத் தொட்டி காலியாத்தான் இருக்கு.” முடியைக் கழற்ற முதலில் தோலை அதில்தான் ஊற வைப்பார்கள்.

சத்தமில்லாத வேலை

டாங்ராவில் அப்போது தோல் ஷாப்புகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒருவர் முற்றத்தில் தும்மினால் அடுத்தவர் முற்றத்தில் கேட்கும். நடுவில் பச்சையும் நீலமுமாகச் சாக்கடை ஓடும். யார் வீட்டுக்கு எந்தக் கம்பெனிக்காரன் வந்தான், முகம் மலர்ந்து போனானா சுளித்துப் போனானா என்பதை அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பேசிவிடும்.

அதனால் அங்கே தரம் பிரிக்கும் வேலைக்கு ஒரு முறை உண்டு. வாயால் சொல்லவே கூடாது. நான் தோலைத் தடவிப் பார்த்து, உள்பக்க மூலையில் சாக்குக்கட்டியால் ஒரு குறி போடுவேன். நல்லது மேஜையில் இருக்கும். கழித்ததைக் கவிழ்த்து ஓரமாக வைப்பேன். அதை ஷாப்புக்காரரே தன் கையால் எடுத்து, “இது வேற பார்ட்டிக்கு வச்சிருந்தது, கலந்துடுச்சு” என்பார். நான் “ஆமா, கலந்திருக்கு” என்பேன். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

முதல் வருடத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சத்தம் போடாமல் செய்யும் வேலை என் சுபாவத்துக்கும் ஒத்து வந்தது. அதுவரை பத்து வருடத்தில் ஒரே ஒரு தோலைக்கூட டாங்ராவில் நான் வாய்விட்டுக் கழித்ததில்லை.

சுங் தாவுக்கு அந்த மரியாதை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. சீனச் சண்டை சமயத்தில் அவரைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி ராஜஸ்தானத்துப் பக்கம் ஒரு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் பிறந்தது கல்கத்தாவில்தான். திரும்பி வந்தபோது ஷாப்பில் ஒரு மோட்டார்கூட இல்லை. அடுத்தவர்களிடம் தோல் சுழற்றும் டிரம் இரவல் வாங்கித் தொழிலை மறுபடி ஆரம்பித்தார். கையில் மிஞ்சியிருந்தது ‘சுங் பதனிட்டால் நன்றாக இருக்கும்’ என்ற பேர் மட்டும்தான்.

அடுத்தவர் கையில் இருக்கும் முகம்

லாரி காலியான பிறகு கவிழ்த்த பீப்பாய்களில் உட்கார்ந்து டீ குடித்தோம். எங்களுக்குள் பாதி இந்தி, பாதி வங்காளி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“ஏன் தாதா எறக்கினீங்க? திருப்பி அனுப்பியிருக்கலாமே” என்றேன்.

“அனுப்பியிருக்கலாம். நாத்தமடிக்கிற லாரியோட நீ இந்தத் தெரு முழுக்கத் திரும்பிப் போவ. எல்லாரும் பாப்பாங்க. அப்பறம் உன் முகம் என்ன ஆகும் மானிக்?” மாணிக்கம் என்ற என் பேரை அவர் அப்படித்தான் சொல்வார்.

“என் முகம் என்னத்துக்கு? தப்பு எங்க ஆபீசோடது.”

அவர் சிரித்தார். “எங்க பாஷையில முகத்துக்கு மியென்னு பேரு. அது நீ கண்ணாடியில பாக்கற முகம் இல்ல. அது உன் தோள்மேல இருக்கறதே இல்ல. அடுத்தவங்க கையில இருக்கு. அவங்க பத்திரமா வச்சிருந்தா உனக்கு உண்டு. அவங்க கீழ போட்டுட்டா நீ குனிஞ்சு எடுக்க முடியாது.”

டீயை ஒரு வாய் குடித்தார். அவரே தொடர்ந்தார்.

“வெள்ளைக்காரங்களும் இதையே சொல்லுவாங்க, முகத்தை இழந்துட்டான்னு. ஏதோ அவங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி. இந்தக் கங்கைத் துறையிலேருந்துதானே அபினிப் பெட்டி ஏத்திக்கிட்டு சீனாவுக்கு வந்தான்? விக்கறதுக்கு எங்க ஆளுங்களோட பேசியாகணும். ‘ஏன்டா இவன் ஒத்துக்க மாட்டேங்கறான்’னு கேட்டிருப்பான். ‘ஒத்துக்கிட்டா அவன் முகம் போயிடும் துரை’ன்னு துபாஷி சொல்லியிருப்பான். பட்டு, தேயிலை, பீங்கானோட அந்த வார்த்தையையும் கப்பல்ல ஏத்திட்டான்.”

“அவங்களுக்கு அது புரிஞ்சுதா?”

“வார்த்தை புரிஞ்சுது. அவனுக்கு முகம் போறதுன்னா கோட்டுல பொத்தான் போற மாதிரி. வேற ஒண்ணு தைச்சுக்குவான்.”

இதைத்தான் ஆசிரியருக்குச் சொல்ல விரும்பினேன். நம்மிடமும் முகத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது. ‘எந்த முகத்த வச்சுக்கினு அவங்க வூட்டுக்குப் போவேன்’ என்பாள் என் அம்மா. ஆனால் அங்கே முகம் நம்மிடமே இருக்கிறது. கூசுகிறது, ஒளிகிறது, அவ்வளவுதான். மானம் போயிற்று என்று சொன்னால், யார் கையிலிருந்து போயிற்று என்ற கேள்வி வருவதில்லை. சுங் தாவின் வார்த்தையில் அந்தக் கேள்வி இருக்கிறது. அவருடைய முகம் என் கையில் இருந்தது.

புதன்கிழமை

சுங் தாவுக்கு ஒரே மகள், ரோஸி. அங்கேயே சீனப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னை ‘காகா’ என்பாள், வங்காளியில் சித்தப்பா. அவளை லீ என்ற பெரிய ஷாப்புக்காரர் தன் மகனுக்குக் கேட்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்தச் சம்பந்தம் அமைந்தால் முகாமுக்குப் போய் வந்த குடும்பம் என்ற பேச்சு அடங்கிவிடும். சுங் தா வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

லாரி இறக்கி மூன்று வாரம் கழித்துச் சரக்கைப் பற்றிக் கேட்கப் போனேன். “வர்ற புதன்கிழமை லீ வீட்டுக்காரங்க வர்றாங்க. அன்னிக்கு மட்டும் தரம் பிரிக்கிற வேலை வேண்டாம். வியாழக்கிழமை வா, சரக்கு ரெடியா இருக்கும்” என்றார்.

அதே வாரம் மதராசிலிருந்து எங்கள் முதலாளியின் மருமகன், நாங்கள் சின்ன முதலாளி என்போம், வந்து இறங்கினார். கிடங்கில் சரக்கு கெட்டது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பதனிட்ட தோலை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சுந்தரம் சாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் அவரிடம் போய், “புதன் மட்டும் வேணாம் சார். அவரு வீட்டுக்குச் சம்பந்தம் பேச ஆளு வராங்க” என்றேன்.

சுந்தரம் சார் பேனாவைக் கீழே வைத்தார். “சம்பந்தம் பேசவா? எத்தனை பேரு?”

“மூணு நாலு பேரு இருப்பாங்க சார். பெரிய மனுஷங்க.”

“அப்போ புதனே போவோம்” என்றார்.

எதற்காக அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. சம்பந்தி வீட்டார் எதிரில் எந்த மனிதனும் வாக்குவாதம் செய்ய மாட்டான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்குக்கு வேண்டிய விவரத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். நாற்காலிகள் போட்டு லீயும் அவருடைய தம்பியும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். சுங் தா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எங்கள் டாக்சி வந்து நின்றதும் அவர் என்னைத்தான் பார்த்தார்.

“பத்து நிமிஷம் போதும்” என்று சுந்தரம் சார் இந்தியில் சொன்னார். மேஜையில் தோலை எடுத்துப் போட வைத்தார். நான் சாக்குக்கட்டியை எடுத்தேன்.

“அதெல்லாம் வேணாம். வாயால சொல்லு மாணிக்கம். இந்தியில. சின்ன முதலாளிக்கும் கேக்கணும், இவங்களுக்கும் கேக்கணும்.”

முதல் தோலைத் தடவினேன். மறுபடியும் தடவினேன்.

“என்ன இருக்கு?”

“அரிச்சிருக்கு சார்.”

“அப்போ?”

“ரிஜெக்ட்.”

“சத்தமா.”

“ரிஜெக்ட்” என்றேன். விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

இருபது தோலுக்கு மேல் அப்படிச் சொன்னேன். பக்கத்து ஷாப்புக்காரர்கள் சுவர் ஓரத்தில் வந்து நின்றார்கள். கடைசியில் சுந்தரம் சார் எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டார். “சுண்ணாம்புல அதிக நாள் போட்டு வச்சா தோல் இப்படி ஆகுமா, ஆகாதா?”

“ஆகும் சார்.”

அது பொய் இல்லை. ஆகும்தான். அந்தத் தோல் சுண்ணாம்பைப் பார்ப்பதற்கு முன்பே கெட்டுவிட்டது என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஊரில் குடும்பம், மாதா மாதம் மணியார்டர், வேறு வேலை தெரியாது. அன்றைக்கு அவ்வளவும் எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

சுங் தா முன்னால் வந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை அங்கேயே போயிருக்கும்.

“என் சுண்ணாம்புதான். என் தப்பு” என்றார். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். லீ எழுந்து, வேறு ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருப்பதாக ரொம்பப் பணிவாகச் சொல்லி விடைபெற்றார்.

மெழுகுக் கதை

திரும்பும் டாக்சியில் சின்ன முதலாளி ஏதோ இங்கிலீஷில் சொல்ல, சுந்தரம் சார் உரக்கச் சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பிரச்சினை தீர்ந்த சந்தோஷத்தில் அவருக்கு யாரிடமாவது பேச வேண்டியிருந்தது.

“சார் என்ன சொல்றார் தெரியுமா? சீனாக்காரன் முகத்தை இழந்துட்டான்ங்கறார். இங்கிலீஷ்ல அப்படி ஒரு வழக்கு. ஏன் அப்படிச் சொல்றாங்க, தெரியுமா உனக்கு?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“அந்தக் காலத்துல துரைசானிகளுக்கெல்லாம் முகத்துல அம்மைத் தழும்பு. அதை மறைக்க மெழுகைப் பூசிக்குவாங்க. குளிருக்குக் கணப்புப் பக்கத்துல போய் உக்காந்தா மெழுகு உருகி வழிஞ்சுடும். முகம் போச்சு. அதுலேருந்து வந்தது. படிச்சாத்தான் இதெல்லாம் தெரியும்.”

பெரிய படிப்புப் படித்தவர் சொன்னது வெறும் கட்டுக்கதை, பீப்பாய்மேல் உட்கார்ந்த மனிதர் சொன்னதுதான் சரி என்று பிறகு ஒரு காலேஜ் வாத்தியார் எனக்கு உறுதி செய்தார். ஆனால் டாக்சியில் நான், “அப்படிங்களா சார்” என்றேன். சுங் தா சொன்னதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் தரம் பிரிப்பவர்களுக்கெல்லாம் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்த நாள்

லீயின் வீட்டிலிருந்து பிறகு யாரும் சுங் தாவின் வீட்டுக்கு வரவில்லை. மறுத்தும் ஆள் அனுப்பவில்லை. அப்படித்தான் அங்கே மறுப்பார்கள். டாங்ராவில் இருவர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. “சுண்ணாம்புத் தொட்டியையே கவனிக்காதவன், பொண்ணை எப்படி வளத்திருப்பான்?”

அதைக் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு லீயின் வீட்டுக்குப் போனேன். டிராமில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மழை, உப்பு, பூஜை லீவு, லாரி, கையோடு வந்த முடி. தப்பு எங்களுடையது, சுங் தா என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றார் என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

லீ குறுக்கே பேசாமல் கேட்டார். “சுங்குக்கு நல்ல சிநேகிதங்க இருக்காங்க” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் ஒரு கடையில் நின்று சூடாகக் கச்சோரி தின்றேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில்

சுங் தா ஷாப்பை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கனடா போனது அடுத்த வருடம். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். லீயின் மகனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஒன்றும் புரியாமல் போனேன்.

ரோஸிதான் கதவைத் திறந்தாள். பாதிதான் திறந்தாள்.

“லீ வீட்டுக்குப் போனீங்களா காகா?”

“போனேம்மா. நடந்ததைச் சொன்னேன்.”

“யாரு அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பல. நானாத்தான் போனேன்.”

“அதை யாரு நம்புவாங்க? சந்தேஷ் வேற வாங்கிட்டுப் போயிருக்கீங்க. அப்பா ஸ்வீட் பெட்டியோட ஆள் விட்டுக் கெஞ்சறாருன்னு ஊரெல்லாம் பேச்சு.” அவள் குரலை உயர்த்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குவது போலச் சொன்னாள். “அன்னிக்கு முற்றத்துல போனது அவரா குடுத்தது காகா. உங்களுக்காகக் குடுத்தாரு. தப்பை ஒத்துக்கிட்டவன்னு ஒரு மரியாதையாவது பாக்கி இருந்துச்சு. அதையும் நீங்க போய் எடுத்துட்டு வந்துட்டீங்க.”

“தாதாவைப் பாக்கணும்மா” என்றேன்.

“அப்பா வீட்ல இல்ல.”

அப்போது உள்ளே ஒரு இருமல் கேட்டது. தோல் ஷாப்பில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இருமல் உண்டு. ஆனாலும் பத்துப் பேர் இருமினால் அதில் அவர் இருமல் எது என்று எனக்குத் தெரியும். ரோஸி என் கண்ணைப் பார்த்தபடியே நின்றாள். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“சரிம்மா. வெளிய போயிருக்காரு போல. வந்துட்டுப் போனேன்னு சொல்லு” என்றேன்.

“சொல்றேன் காகா.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவர் இருமலை அடக்குவது கேட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் அங்கே நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் அதை அடக்க வேண்டியிருக்கும். அதனால் திரும்பி, தெருமுனை தாண்டும் வரை வேகமாக நடந்தேன்.

இதை எழுதி முடித்தது புரட்டாசி இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.